இரண்டளந்து நான்கறிதல்

மின்சாரத்தைக் கண்ணாற் கண்டார் ஒருவரும் இலர். அது செய்யும் தொழில்களையே நாம் காண்கின்றோம். விளக்கு ஒளிர்கின்றது, விசிறி சுழல்கின்றது, நீர் கொதிக்கின்றது. தொழிலைக் கண்டு தொழில் செய்வதன் அளவை உய்த்துணர்தலே இத்துறையில் நமக்குள்ள வழி. அவ்வழி மிக எளியது. மின்னழுத்தம், மின்னோட்டம் என்னும் இரண்டைக் கருவி கொண்டு அளந்துவிட்டால், மின்தடை, மின்திறன் என்னும் மற்றை இரண்டையும் கருவியின்றியே அறியலாம். ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் போதும்.

உயர்நிலைப் பள்ளியிற் பயின்றோர் யாவரும் இக்கணக்குகளைச் செய்தவரே. ஆயினும், செய்யத் தெரிந்தவர் பலர். எவ்விடத்து அளந்த எண்ணை எவ்விடத்துக்கு வழங்கலாம் என்று தெரிந்தவர் சிலர். இவ்வேறுபாடு சிறிதன்று. தேர்வுத் தாளில் இரண்டு மதிப்பெண் இழப்பதோடு அது முடிந்துவிடுமாயின் யாம் இதனை எழுதப் புகோம். வீட்டுச் சுவரில் உள்ள பிளக்குப் பலகை கருகுவதும், ஈரக்கையோடு கம்பியைத் தொட்டவர் உயிரிழப்பதும் இவ்வேறுபாட்டை அறியாமையால் விளைவனவாதலின், இதனை விரித்துரைத்தல் நலமெனக் கருதினோம்.

தமிழிலக்கியம் பயிலும் நுமக்குப் பௌதிக நூலில் என்ன வேலை எனச் சிலர் வினவுவர். விடுதியில் உறைவோர் இலக்கியம் பயில்வோராயினும் விஞ்ஞானம் பயில்வோராயினும் ஒரே கம்பியினின்றே வெளிச்சம் பெறுகின்றனர். கம்பி ஆள் பார்த்துச் சுடுவதில்லை. அன்றியும், ஒரு சொல்லுக்குரிய பொருளை வரையறுத்துக் கொண்டு பேசுதல் இலக்கணம் பயில்வோர்க்கு இயல்பான தொழில். இக்கட்டுரையில் யாம் செய்யப் போவதும் பெரும்பாலும் அதுவே.

சொற்பொருள்

மேல்மாடியில் வைத்த நீர்த்தொட்டியை எண்ணிப் பார்ப்போம். தொட்டி உயர்ந்திருக்குந்தோறும் குழாயில் நீர் உந்தும் விசை மிகும். அவ்வுந்துதலுக்கு ஒப்பானது அழுத்தம். குழாய்வழி நொடிதோறும் கடந்து செல்லும் நீரின் அளவுக்கு ஒப்பானது ஓட்டம். குழாய் குறுகியதாகவோ நீண்டதாகவோ பாசி படர்ந்ததாகவோ இருப்பின் நீர் செல்வது தடைப்படுமன்றோ? அதற்கு ஒப்பானது தடை. அந்நீர் விழுந்து ஒரு சக்கரத்தைச் சுழற்றுமாயின், நொடிதோறும் அது செய்யும் வேலையின் அளவுக்கு ஒப்பானது திறன்.

இந்நான்கிற்கும் அளவலகுகள் நான்கு. அவை நால்வர் பெயரால் வழங்குகின்றன. அழுத்தத்தின் அலகாகிய வோல்ட், 1800ஆம் ஆண்டு முதல் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்த இத்தாலியர் வோல்ட்டாவின் (1745–1827) பெயரால் அமைந்தது. ஓட்டத்தின் அலகாகிய ஆம்பியர், பிரெஞ்சு அறிஞர் ஆம்பியரின் (1775–1836) பெயர். தடையின் அலகாகிய ஓம், ஜெர்மானியராகிய கியோர்க் சீமோன் ஓம் (1789–1854) என்பாரின் பெயர். திறனின் அலகாகிய வாட், நீராவி எந்திரத்தைத் திருத்தியமைத்த ஸ்காட்லாந்தியர் ஜேம்ஸ் வாட்டின் (1736–1819) பெயர். வாட் மின்சாரத்தில் உழைத்தவரல்லர். எனினும் ஓர் எந்திரம் நொடிதோறும் எவ்வளவு வேலை செய்யும் எனக் கணக்கிடுவதில் அவர் காட்டிய ஊக்கம் கருதி அப்பெயர் இடப்பட்டது.

ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். திறன் வேறு, ஆற்றல் வேறு. உலக வழக்கில் இவ்விரண்டும் ஒருபொருட் கிளவிகளாய் நிற்பினும், இந்நூல் வழக்கில் அவை வேறு வேறு. திறன் என்பது வேலை நடைபெறும் வேகம். ஆற்றல் என்பது நடந்து முடிந்த வேலையின் மொத்தம். 1500 வாட் திறனுள்ள நீர்க்கொதிகலம் ஒன்று நாடோறும் 20 நிமிடம் இயங்குமாயின், ஒரு நாளில் அது கொள்ளும் ஆற்றல் அரை யூனிட். 30 நாளில் 15 யூனிட். 1000 வாட் திறன் ஒரு மணி நேரம் செலவாதலே ஒரு யூனிட் என்க. மின்கட்டணச் சீட்டில் நாம் விலை கொடுப்பது ஆற்றலுக்கு. கம்பி தாங்க வேண்டுவதோ திறனுக்கேற்ற ஓட்டத்தை. கட்டணம் குறைவாக வந்தமையால் கம்பிக்குச் சுமை குறைவு என்று கொள்ளுதல் கூடாது.

வகுத்தலும் பெருக்கலும்

ஆய்வுச்சாலையில் மேசைமேல் ஒரு நிக்ரோம் கம்பிச் சுருள் இருப்பதாகக் கொள்வோம். ஓட்டத்தை அளக்கும் அம்மீட்டரை அச்சுருளோடு தொடராக இணைத்தல் வேண்டும். சுருளின் வழிச் செல்லும் ஓட்டம் முழுதும் அக்கருவியின் வழியும் செல்ல வேண்டுமாதலின். அழுத்தத்தை அளக்கும் வோல்ட்மீட்டரைச் சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே, பக்கமாக இணைத்தல் வேண்டும். இரு முனைகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டையே அது காட்டுமாதலின். அம்மீட்டரைச் சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே, பக்கமாக இணைப்பவர் அதனை எரித்துவிடுவர். அதன் தடை மிகச் சிறியது. மின்கலத்தின் இரு முனைகளையும் அதனாற் கட்டுதல் வெறுங்கம்பியாற் கட்டுவதை ஒக்கும்.

அழுத்தம் 1.2 வோல்ட் ஆக இருக்கையில் ஓட்டம் 0.24 ஆம்பியர்; 2 வோல்ட் ஆகையில் 0.4 ஆம்பியர், 3 வோல்ட் ஆகையில் 0.6 ஆம்பியர் எனக் கருவிகள் காட்டுவதாகக் கொள்வோம். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுப்பின் மூவிடத்தும் 5 என்றே ஈவு வரும். எனவே சுருளின் தடை 5 ஓம். இனி அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்குவோம். முதலில் 0.288 வாட், அடுத்து 0.8 வாட், மூன்றாவது 1.8 வாட். தடை மாறவில்லை, திறனோ பெரிதும் மாறியது. அழுத்தம் முதலளவினின்று இரண்டரை மடங்காக உயர, திறன் ஆறேகால் மடங்காக உயர்ந்தது. அழுத்தம் பெருகும்போது ஓட்டமும் உடன் பெருகுதலின், இரண்டின் பெருக்கமாகிய திறன் இருமடி விகிதத்தால் வளர்கின்றது.

இதனின்று மேலும் இரண்டு வாய்பாடுகள் பிறக்கும். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கினும் திறன் வரும். அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுப்பினும் திறன் வரும். மூன்றாம் அளவீட்டில் 0.6இன் வர்க்கமாகிய 0.36ஐ 5 ஆற் பெருக்கினால் 1.8, 3இன் வர்க்கமாகிய 9ஐ 5 ஆல் வகுத்தாலும் 1.8. இவ்வளவில் கணக்கு முடிந்தது. ஆனால் அறிவு முடிந்தபாடில்லை.

அகப்பொருள் இலக்கணம் முதற்பொருள் எனக் கூறுவது நிலமும் பொழுதும் ஆகும். ஒரு நிகழ்ச்சி எந்நிலத்தது, எப்பொழுதினது என்று அறியாமல் பாட்டிற்குப் பொருள் கொள்பவன் குறிஞ்சியைப் பாலையாகக் கொண்டு மயங்குவான். மேற்கூறிய வாய்பாடுகளுக்கும் முதற்பொருள் உண்டு. அழுத்தமும் ஓட்டமும் ஒரே இடத்தில் அளந்தனவாதல் வேண்டும். ஒரே பொழுதில் அளந்தனவாதல் வேண்டும். கிடைத்த விடையும் அவ்விடத்துக்கும் அப்பொழுதுக்குமே உரியது. இதுவே இக்கட்டுரையில் யாம் வற்புறுத்த விரும்பும் பொருள்.

ஓம் என்பாரின் உழைப்பு

இவ்விதியை நிலைநாட்டியவரின் வரலாறே இதற்குச் சான்றாகின்றது. ஓம் ஜெர்மனியில் எர்லாங்கன் நகரில் பிறந்தவர். அவர் தந்தையார் பூட்டுத் தொழில் செய்தவர். தாமே கற்றுத் தம் மக்களுக்குக் கணிதம் கற்பித்தவர். ஓம் கொலோன் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியராய் இருந்த காலத்து, வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளின் வழி ஓட்டம் எவ்வாறு மாறுகின்றது என ஆராயத் தொடங்கினார். அவருக்கு முதலில் இடர் விளைத்தது பொழுதே. வோல்ட்டாவின் அடுக்கு நிலையான அழுத்தம் தருவதன்று. ஒரு கம்பியை அளந்து மறுகம்பியை இணைப்பதற்குள் அழுத்தம் தளர்ந்துவிடும். முதற்கம்பிக்கு ஓர் அழுத்தம், இரண்டாவதற்கு மற்றோர் அழுத்தம் என்றானால் ஒப்பிடுவது எங்ஙனம்?

பொக்கெண்டார்ஃப் என்னும் அறிஞர் கூறிய யோசனைப்படி, ஓம் அடுக்கை விட்டு வெப்ப இணையை மேற்கொண்டார். செம்பும் பிஸ்மத்தும் கூடிய இரு சந்துகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தால், அவற்றின் வெப்பநிலை மாறாதாதலின் அழுத்தமும் மாறாது நிற்கும். அவ்வழுத்தம் மிகச் சிறியது, ஆயின் நிலையானது. நிலையாமையால் தோற்றவர் நிலைபேற்றால் வென்றார். 1826ஆம் ஆண்டு தம் அளவீடுகளை வெளியிட்டார். 1827ஆம் ஆண்டு பெர்லின் நகரில் தம் கொள்கையை நூலாக்கினார். அவர் விரும்பிய பல்கலைக்கழகப் பதவி அந்நூலால் உடனே கிட்டவில்லை. 1841ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சங்கத்தார் தம் கோப்ளி பதக்கத்தை அவருக்கு அளித்தனர். மியூனிக் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராய் அவர் அமர்ந்தது 1852இல். அதற்கு ஈராண்டின் பின் மறைந்தார்.

அவருக்கு முன்னரே இங்கிலாந்தில் ஹென்றி காவென்டிஷ் (1731–1810) ஏறத்தாழ இவ்வுண்மையைக் கண்டிருந்தார். ஓட்டத்தை அளக்கும் கருவி அந்நாளில் இல்லை. தம் உடலிற் பாயும் அதிர்ச்சி மிகுதியோ குறைவோ என்று தாமே உணர்ந்து அவர் அளந்தார். அவர் அவற்றை வெளியிடவில்லை. மாக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் அக்குறிப்புகளைப் பதிப்பித்த 1879ஆம் ஆண்டின் பின்னரே உலகம் அறிந்தது. மின்னோட்டம் பிறப்பிக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை 1841ஆம் ஆண்டு எடுத்துக்காட்டியவர் ஜூல் என்பார். இப்பெரியோர் உழைப்பின் பயனாகவே நாம் இன்று ஒரு நொடியில் வகுத்தும் பெருக்கியும் விடை காண்கின்றோம்.

பொழுது

நிற்க. பொழுது மாறினால் விடை மாறும் என்பதற்கு இரண்டு உதாரணம் காட்டுவோம்.

வெள்ளொளி எல்.இ.டி. விளக்குகள் பரவுமுன் வீடுதோறும் எரிந்தவை டங்ஸ்டன் இழையுள்ள குண்டு பல்புகள். 230 வோல்ட், 60 வாட் என்று பொறித்த பல்பில் ஓட்டம் 0.26 ஆம்பியர், எனவே தடை 882 ஓம். பல்பை அணைத்து, ஆறவிட்டு, அதன் தடையை மின்கலம் பொருந்திய கருவியால் அளப்பின், அதில் பத்தில் ஒரு பங்கும் இராது. மாணவர் கணக்கைப் பொய்யென்பர்; சிலர் கருவியைப் பொய்யென்பர். இரண்டும் மெய்யே. உலோக இழை ஈராயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் காட்டும் தடை வேறு, ஆறிக் கிடக்கையிற் காட்டும் தடை வேறு. சுவிட்சைப் போட்ட அக்கணத்தில் இழை ஆறியே இருப்பதால், அதில் வழக்கமான ஓட்டத்தினும் பத்து மடங்குக்கு மேல் பாயும். பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே இற்றமைக்குக் காரணம் இதுவே. முன்னர்க் கூறிய நிக்ரோம் கம்பியில் இவ்வேறுபாடு மிகச் சிறிது. ஆதலாலன்றோ கொதிகலங்களில் அதனை இடுகின்றனர்.

இரண்டாவது, கொதிகலத்தின் மேற்பொறித்த எண். 230 வோல்ட், 1500 வாட் என்று அதில் உள்ளது. அதன் தடை ஏறத்தாழ 35.3 ஓம். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் எந்திரமும் இயங்குங்கால், கம்பியின் கடைக்கோடியில் உள்ள வீட்டில் அழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கியதாகக் கொள்வோம். 180இன் வர்க்கம் 32,400. அதனை 35.3 ஆல் வகுத்தால் 918 வாட் வரும். அழுத்தம் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். திறன் குறைந்ததோ ஐந்தில் இரு பங்களவு. நீர் கொதிக்கத் தாமதமாவது கலத்தின் குற்றமன்று. தகட்டிற் பொறித்த 1500 என்பது கலத்தின் இயல்பு மட்டுமன்று. 230 வோல்ட் என்னும் பொழுதோடு கூடிய இயல்பு.

நிலம்

இடம் மாறினால் விடை மாறும் என்பதே இரண்டினும் அரியது. கற்பார் பலரை மயக்கும் ஐயம் ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்குக என்னும் வாய்பாட்டின்படி, தடை மிகுந்தால் வெப்பம் மிகும். அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுக்க என்னும் வாய்பாட்டின்படி, தடை மிகுந்தால் வெப்பம் குறையும். இவற்றுள் எது மெய்?

எது நிலைத்து நிற்கின்றது என்று கேட்பதே விடை. வீட்டில் 60 வாட் பல்பும் 100 வாட் பல்பும் தனித்தனி எரியும்போது இரண்டின் முனைகளிலும் நிற்பது ஒரே 230 வோல்ட். அங்குத் தடை குறைந்த 100 வாட் பல்பே மிக ஒளிரும். அவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்தால் இரண்டிலும் பாய்வது ஒரே ஓட்டம். அங்குத் தடை மிகுந்த 60 வாட் பல்பே மிக ஒளிரும். முன்னே தோற்றது பின்னே வென்றது. பக்க இணைப்பில் அழுத்தம் பொது. தொடர் இணைப்பில் ஓட்டம் பொது. எது பொதுவோ அதனைக் கொண்ட வாய்பாட்டால் ஒப்பிடுக.

இவ்வுண்மையே நெடுந்தொலை மின்சாரம் கொண்டுசெல்லும் கலைக்கு அடிப்படை. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியபோது, மலையிற் பிறந்த மின்சாரத்தைக் கோவைக்குக் கொணர வேண்டியிருந்தது. இத்தகைய தொழிலில் உயர்ந்த அழுத்தம் ஏன் வேண்டும் என்பதை ஒரு கணக்கால் விளக்குவோம். எளிமை கருதி, ஒரு கம்பித் தொடரின் தடை 10 ஓம் என்றும், அனுப்ப வேண்டிய திறன் 10 இலட்சம் வாட் என்றும் கொள்வோம். 10,000 வோல்ட் அழுத்தத்தில் அனுப்பினால் ஓட்டம் 100 ஆம்பியர். அதன் வர்க்கத்தைப் பத்தாற் பெருக்கினால் 1 இலட்சம் வாட். பத்தில் ஒரு பங்கு வழியிலேயே வெப்பமாய் வீணாயிற்று. 1,00,000 வோல்ட் அழுத்தத்தில் அனுப்பினால் ஓட்டம் 10 ஆம்பியர். வீணாவது 1000 வாட். ஆயிரத்தில் ஒரு பங்கே இழந்தோம். இன்று நம் நாட்டில் 4,00,000 வோல்ட் முதலிய பேரழுத்தங்களைத் தாங்கும் கம்பிகள் நாடெங்கும் ஓடுவது இதனால்தான்.

ஈண்டு ஒரு மாணவர் 1,00,000 என்பதன் வர்க்கத்தை 10 ஆல் வகுத்து, நூறு கோடி வாட் வீணாகும் எனக் கூறலாம். பத்து இலட்சம் அனுப்பிய இடத்தில் நூறு கோடி வீணாதல் எங்ஙனம்? அவர் எடுத்த அழுத்தம் கம்பியின் இரு முனைகளுக்கு இடைப்பட்டதன்று; அனுப்பும் நிலையத்தில் இரு கம்பிகளுக்கு இடைப்பட்டது. கம்பித் தொடரின் வழி நெடுகிலும் இழக்கப்படும் அழுத்தமோ 10 ஆம்பியரை 10 ஓமாற் பெருக்கிய 100 வோல்ட் மட்டுமே. அதன் வர்க்கத்தைப் பத்தால் வகுத்தாலும் 1000 வாட் என்றே வரும். வாய்பாடு பொய்க்கவில்லை, நிலம் பிறழ்ந்தது.

இனி, மலையினின்று வீட்டிற்கு இறங்குவோம். 6 ஆம்பியருக்கு மட்டும் தகுதியுள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியும் 1500 வாட் கொதிகலமும் ஒருங்கே இயங்குவதாகக் கொள்வோம். இரண்டும் கொள்ளும் ஓட்டம் ஏறத்தாழ 10.9 ஆம்பியர். பெட்டி தாங்கத்தக்கதை விட இது மிகுதி. அன்றியும், அதன் துளையில் பிளக்கு தளர்ந்து பொருந்தியிருப்பதால் அச்சந்தில் அரை ஓம் தடை உண்டெனக் கொள்க. அரை ஓம் என்பது அற்பம் எனத் தோன்றும். மொத்தத் தடையோடு அதனைக் கூட்டினால் ஓட்டம் 10.6 ஆம்பியராகச் சிறிது குறையும். அதன் வர்க்கம் 112. அதிற் பாதி 56. எனவே நகக்கண் அளவுள்ள அச்சந்தில் 56 வாட் வெப்பம் இடையறாது பிறக்கின்றது. வானொலி பழுதுபார்ப்போர் ஈயம் உருக்கக் கொள்ளும் பற்றுக்கோலுக்கு 25 வாட் போதும் என்பதை நினைத்தால், அச்சந்தின் நிலை விளங்கும். வெப்பத்தால் பித்தளை கறுக்கும்; கறுத்ததனால் தடை மிகும்; தடை மிக மேலும் வெப்பம் மிகும். இறுதியிற் பலகை கருகும்.

சுவரில் உள்ள டிரிப் சுவிட்சு இதனைத் தடுக்காதோ எனின், தடுக்காது. 16 ஆம்பியருக்கு அமைந்த சுவிட்சு 10.6 ஆம்பியரைக் கண்டு விழுவதில்லை. அது காண்பது தன் வழிச் செல்லும் ஓட்டத்தை மட்டுமே. சந்திற் பிறக்கும் வெப்பத்தை அஃது அறியாது. பெரும்பாலான வீடுகளில் அதனைக் காணக் கருவி வேறு இல்லை. பிளக்கைத் தொட்டுச் சூட்டை உணரும் வீட்டாரின் விழிப்பும், தளர்ந்த சாக்கெட்டை மாற்றும் பொறுப்புமே காவல். கொதிகலம் போன்ற பெருஞ்சுமைகளைச் சுவரில் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டிலேயே, ஒன்றுக்கு ஒன்றாக இணைத்தல் வேண்டும்.

மெய்

உடலும் ஒரு கடத்தியே. அதற்கும் தடை உண்டு. ஆய்வுச்சாலையில் இளைஞர் சிலர் விளையாட்டாகத் தடை அளக்கும் கருவியின் இரு முனைகளையும் இரு கைகளாற் பற்றுவர். உலர்ந்த கையாயின் அது பல்லாயிரம் ஓம், சிற்சில வேளை இலட்சம் ஓம் எனவும் காட்டும். இலட்சம் ஓமாயின், 230ஐ அதனால் வகுக்க வருவது 0.0023 ஆம்பியர், இது அஞ்சத்தக்கதன்று என எண்ணித் துணிவு கொள்ளுதல் கூடும். இத்துணிவு உயிர்க்கு இறுதி.

அக்கருவி அளந்தது தன் சிறு மின்கலத்தின் சில வோல்ட் அழுத்தத்தில். தோலின் தடை அவ்வழுத்தத்தில் நிற்பதுபோல் 230 வோல்ட்டில் நிற்பதில்லை, தளர்ந்துவிடும். வியர்வையும் ஈரமும் அதனை மேலும் தளர்த்தும். அந்நிலையில் உடலின் தடையை 1000 ஓம் என்றே கொள்ளுதல் தகும். 230ஐ ஆயிரத்தால் வகுக்க 0.23 ஆம்பியர். 0.05 ஆம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் சில நொடி மார்பினூடே பாய்ந்தாலே இதயத்தின் துடிப்பு குலைந்து உயிர் போதல் கூடும். ஆகவேதான் வீடுகளில் அமைக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக் காப்புச் சுவிட்சு, 0.03 ஆம்பியர் கசிந்த அளவில் நொடிப்பொழுதுக்குள் மின்சாரத்தைத் துண்டிக்குமாறு செய்யப்படுகின்றது. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே என்று நம் வீட்டுப் பெரியோர் கூறும் அறிவுரையின் உள்ளே இவ்வகுத்தற் கணக்கு அடங்கியுள்ளது. ஒரு பொழுதில் அளந்த தடையை மற்றொரு பொழுதுக்கு வழங்கியவர்க்கு அக்கணக்கு காவலாகாது.

எல்லை

இவ்விதிகளுக்குப் புறத்தே நிற்பனவும் உள. எல்.இ.டி. விளக்கில் அழுத்தமும் ஓட்டமும் ஒத்த விகிதத்தில் வளர்வதில்லை. ஓரளவு அழுத்தம் வரும்வரை ஓட்டம் இல்லையெனலாம். அதனைக் கடந்தபின் சிறிதே அழுத்தம் ஏறினும் ஓட்டம் பெரிதும் ஏறும். அங்கு வகுத்துக் கண்ட தடை அவ்வொரு நிலைக்கே உரியது. விசிறி, நீரேற்றும் எந்திரம் முதலியவற்றில் மாறுமின்னோட்டம் அழுத்தத்தோடு ஒருங்கே ஏறி இறங்காது சற்றுப் பின்தங்கும். ஆங்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வந்ததைத் திறன் காரணியாலும் பெருக்கிய பின்னரே உண்மையான வாட் கிடைக்கும். ஒன்றினும் குறைந்த எண் அக்காரணி. இஸ்திரிப் பெட்டி, கொதிகலம் போல வெப்பம் மட்டும் தருவனவற்றில் அது ஒன்றே யாதலின், வெறும் பெருக்கலே போதும்.

இதுகாறும் கூறியவற்றால், அழுத்தம் ஓட்டம் என்னும் இரண்டை அளந்து, வகுத்தலால் தடையையும் பெருக்கலால் திறனையும் அறியலாம் என்பதும், அவ்விரண்டும் ஒரே பொருளின் முனைகளில் ஒரே காலத்தில் அளந்தனவாதல் வேண்டும் என்பதும், வந்த விடையை அந்நிலத்துக்கும் அப்பொழுதுக்கும் அப்பால் நீட்டுதல் தீங்கு பயக்கும் என்பதும் விளங்கும். கணக்கு எளியது, அதனை இடமறிந்து வழங்குதலே கல்வி. இவ்விதழைப் படிக்கும் நண்பர்கள் இன்றிரவே தத்தம் அறையில் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பார்த்து, அதன் மேற்பொறித்த ஆம்பியர் எண்ணையும், அதில் இணைத்துள்ள பொருள்களின் வாட் எண்களைக் கூட்டி 230 ஆல் வகுத்த ஈவையும் ஒப்பிட்டுக் காண்பாராக. பின்னது மிகுந்திருப்பின், ஒன்றையேனும் அதினின்று கழற்றி வேறிடத்து இணைப்பாராக.